நீரும் நலமும் பேணிய போபால் பெருமாட்டி

தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட வாழ்நாளை நல்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த செய்தியைத் தருமபுரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அம்மாவட்டத்திலிருந்து நம் கல்லூரிக்குப் படிக்க வரும் மாணவியரை ஆண்டுதோறும் வகுப்பறையில் காணும் நாம் வேறொரு செய்தியையும் அறிவோம். சிரிக்கும்போது துப்பட்டாவின் ஓரத்தால் வாயை மறைத்துக்கொள்ளும் பெண்கள் அவர்களுள் சிலர் உண்டு. அதனைப் பெண்மைக்குரிய நாணம் என்றே நாம் முதலில் எண்ணியிருந்தோம். பற்களில் ஊறிப்போன பழுப்புக் கறையை மறைக்கவே அவ்வாறு செய்கின்றனர் என்பது பின்னரே விளங்கிற்று. கடினப் பாறையை ஊடறுத்துத் தோண்டிய கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் புளூரைடு மிகுந்த நீரே கிடைத்த ஊர்களில் அவர்கள் பிறந்தவர்கள். ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தலாகாது என்பது விதி. அவ்வளவைக் கடந்த நீரைப் பல் முளைக்கும் பருவத்தில் பருகிய குழந்தையின் பற்களில் படியும் கறை, பின்னர் எத்துணை தேய்த்தாலும் நீங்குவதில்லை. ஆண்டுகள் பல தொடர்ந்து பருகினால் எலும்பும் வளைந்து போகும்.

குடிக்கும் நீர் ஒரு பெண்ணின் சிரிப்பையே பறித்துவிடக்கூடும் என்னும்போது, நீரும் தூய்மையும் நலமும் வீட்டுக்குள் அடங்கிய சிறு செய்திகள் அல்ல என்பது புலனாகும். அவற்றையே அரசின் தலையாய கடமையாகவும் மார்க்கத்தின் கட்டளையாகவும் கொண்டு கால் நூற்றாண்டு ஆட்சி புரிந்த முஸ்லிம் பெண்மணி ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். போபால் அரசின் நவாப் சுல்தான் ஜஹான் பேகம் அவர்களே அப்பெருமாட்டி. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் என்ற அளவில் அவர் பெயரைப் பொது அறிவுத் தேர்வுக்கு மனனம் செய்வோர் பலர். அவர்தம் வாழ்வை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

போபால் அரசு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோஸ்த் முகம்மது கான் என்னும் ஆப்கானிய வீரரால் நிறுவப்பெற்றது. 1819இல் அவ்வரசின் நவாப் நஜர் முகம்மது கான் கைத்துப்பாக்கி தவறி வெடித்ததில் உயிர்நீத்தார். அப்போது அவர்தம் மனைவி குத்ஸியா பேகத்துக்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோதான். கையில் பால்குடி மாறாத பெண்குழந்தை. அக்குழந்தையின் பெயரால் ஆட்சிப் பொறுப்பைத் தாம் ஏற்பதாக அவ்விளம் விதவை அறிவித்தார். அன்று தொடங்கி 1926 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, தாய், மகள், பெயர்த்தி, கொள்ளுப்பெயர்த்தி என நான்கு தலைமுறைப் பெண்கள் அவ்வரசை ஆண்டனர். குத்ஸியா பேகம், சிக்கந்தர் பேகம், ஷாஜஹான் பேகம், சுல்தான் ஜஹான் பேகம் என்பது அவ்வரிசை. பெண் ஆளுதல் தகுமா என்று இன்றும் மேடைபோட்டு வாதிடுவோர் இவ்வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.

போபால் ஏரிகளின் நகரம். மேல் ஏரி, பதினொன்றாம் நூற்றாண்டில் போஜராஜன் எடுப்பித்தது என்பர். கீழ் ஏரி 1794இல் அமைச்சர் சோட்டே கான் காலத்தில் வெட்டப்பெற்றது. கண்ணெதிரே ஏரி நிறைந்திருந்தும், நகரின் மேட்டுத் தெருக்களுக்கு நீர் தலைச்சுமையாகவே சென்றது. இந்நிலையை மாற்றியவர் குத்ஸியா பேகம். நீராவி எந்திரத்தால் ஏரி நீரை மேலேற்றிக் குழாய்கள் வழியே நகருக்குள் செலுத்தும் பணியைத் தம் சொந்தப் பொருளில் செய்வித்தார். குடிமக்கள் அந்நீருக்கு வரியோ விலையோ செலுத்தலாகாது என்பதும் அவர்தம் ஏற்பாடு. இறந்த பின்னும் நன்மை ஓயாது வந்துகொண்டிருக்கும் அறத்தை ஸதக்கத்துல் ஜாரியா என்று நம் மார்க்கம் கூறும். நீர் புகட்டுதல் அவ்வகை அறங்களுள் முதன்மையானது. பக்தாதின் பேரரசி ஜுபைதா, கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் பாதை நெடுகிலும் கிணறுகளும் குளங்களும் அமைத்ததையும், அவர் பெயரால் வழங்கும் ஐன் ஜுபைதா எனும் கால்வாய் மக்கா நகருக்கு நீர் தந்ததையும் நம் வீட்டு மூதாட்டியர் கதையாகவே சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஜுபைதாவின் வழியில் வந்தவர் குத்ஸியா எனில் மிகையாகாது. அவர் 1881 வரை வாழ்ந்தார். அவர்தம் வரலாற்றைப் பின்னாளில் ஹயாத்தே குத்ஸி என்ற நூலாக எழுதியவர் வேறு யாருமல்லர், நாம் இங்குப் பேசும் கொள்ளுப்பெயர்த்தியே ஆவார்.

சுல்தான் ஜஹான் 1858 ஜூலை 9ஆம் நாள் பிறந்தார். பாட்டியார் சிக்கந்தர் பேகம் அவரைத் தம் மடியிலேயே வைத்து வளர்த்தார். திருக்குர்ஆன், பாரசீகம், பஷ்தூ, ஆங்கிலம், கையெழுத்துப் பயிற்சி, குதிரையேற்றம் என நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு பாடம் வகுக்கப்பட்டிருந்தது. சிக்கந்தர் பேகம் 1863-64ஆம் ஆண்டுகளில் ஹஜ் பயணம் மேற்கொண்டு, தம் அனுபவங்களை எழுதியும் வைத்தவர். புனித நகரங்களின்பால் எல்லையற்ற பக்தி கொண்டிருந்த போதும், ஜித்தா நகரின் தெருக்களில் தாம் கண்ட அழுக்கையும் சீர்கேட்டையும் மறைக்காது அந்நூலில் பதிவு செய்திருக்கிறார். பக்தி வேறு, குப்பையைக் குப்பை என்று சொல்லும் நேர்மை வேறு என்று கருதாத அந்தப் பாட்டியின் கண், பெயர்த்திக்கும் வாய்த்தது போலும். சிக்கந்தர் பேகம் 1868இல் மறைந்தபோது சுல்தான் ஜஹானுக்குப் பத்து வயது.

1875இல் அகமது அலி கானுடன் திருமணம் நடந்தது. அதன்பின் வந்த ஆண்டுகள் அரண்மனைக்குள் நிகழ்ந்த துன்பக்கதை. தாயார் ஷாஜஹான் பேகம், கணவரை இழந்தபின் 1871இல் சித்தீக் ஹசன் கான் என்ற மார்க்க அறிஞரை மறுமணம் புரிந்திருந்தார். அதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் இடையே விழுந்த விரிசல் வளர்ந்துகொண்டே போயிற்று. சுல்தான் ஜஹானின் மூத்த மகள் பில்கீஸ் ஜஹான் பாட்டியிடம் வளர்ந்தவள். 1887இல் பன்னிரண்டு வயதளவில் அக்குழந்தை நோயுற்று இறந்தது. அத்துக்கமும் இருவரையும் ஒன்றுசேர்க்கவில்லை. மாறாக, உறவு அறவே முறிந்தது. ஒரே நகரில், கூப்பிடு தொலைவில், ஏறத்தாழ 13 ஆண்டுகள் தாயும் மகளும் பேச்சின்றி வாழ்ந்தனர். 1894இல் இரண்டாம் மகள் ஆசிஃப் ஜஹானும் இறந்தாள். பெற்ற இரு பெண்மக்களையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, ஆறுதல் சொல்லத் தாயுமின்றி அப்பெண் கழித்த நாள்களை நாம் எண்ணிப் பார்க்கத்தான் முடியும். யார் பக்கம் நியாயம் என்று இத்தனை காலம் கடந்து தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஷாஜஹான் பேகமும் எளியவர் அல்லர். தாஜுல் மஸாஜித் என்னும் பெரும் பள்ளிவாசலைத் தொடங்கியவர், இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 1889இல் எழுந்த பள்ளிவாசலுக்குப் பொருளுதவி புரிந்தவர். வாய்ப்புற்று நோயால் 1901 ஜூனில் அவர் காலமானார்.

அவ்வாறு நாற்பத்திரண்டாம் வயதில் சுல்தான் ஜஹான் பேகம் அரியணை ஏறினார். அவர் ஏற்றது சீர்குலைந்த நாடு. 1899-1900ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமும் அதனுடன் வந்த நோய்களும் மத்திய இந்தியாவைச் சூறையாடியிருந்தன. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்பதரை இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த போபால் அரசின் மக்கள் தொகை, 1901இல் ஆறு இலட்சத்து அறுபத்தாறாயிரம் அளவுக்குக் குறைந்துவிட்டது. உழுவாரின்றி நிலங்கள் தரிசாயின. கருவூலம் வறண்டு கிடந்தது. இவற்றை எண்ணி முடிப்பதற்குள், 1902 ஜனவரியில் கணவரும் திடீரென இறந்தார். இத்தா எனும் துக்கக் காலம் முடிந்ததும் அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று, ஊர் ஊராகச் சென்று உழவர்களின் குறைகளை நேரில் கேட்டறிந்தது. பர்தாவுக்குள் இருந்தபடியே அவர் இதனைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1903 இறுதியில் ஹஜ் பயணம் புறப்பட்டார். 1896 முதல் பம்பாயில் தொடங்கிய பிளேக் நோய் இந்தியாவெங்கும் பரவியிருந்த காலம் அது. கப்பலேறும் பயணிகள் அனைவரும் தனிமைத் தங்கலுக்கு உட்பட வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நம் அனைவரையும் வீட்டுக்குள் அடைத்தபோது பட்ட பாட்டை நாம் மறந்திருக்கமாட்டோம். நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர், அவ்வூரில் இருப்போர் வெளியேறாதீர் என்ற கருத்தில் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய அறிவுரையை அன்று பலரும் எடுத்துக் கூறினர். நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வறிவுரையின் பொருளைப் பயணத்திலேயே உணர்ந்தவர் பேகம். இப்பயணத்தையும் அவர் நூலாக்கினார்.

நாடு திரும்பிய பின் அவர் ஆற்றிய பணிகளே நம் கட்டுரைக்கு உயிரானவை. இறந்த மகள் ஆசிஃப் ஜஹானின் பெயரால் ஆசிஃபியா என்னும் யூனானி மருத்துவப் பள்ளியை நிறுவினார். லேடி லான்ஸ்டவுன் மருத்துவமனையில் பெண்களுக்கான மருத்துவத்தை விரிவாக்கினார். அக்காலத்தில் பேறுகாலத்தில் இறந்த தாய்மார் எத்தனை பேர், ஓராண்டு நிரம்பாது மடிந்த குழந்தைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுவார் இல்லை. கைகழுவாத மருத்துவச்சியும், காற்றுப் புகாத பேற்றறையும், அழுக்குத் துணியுமே அவற்றுக்குப் பெருங்காரணங்கள். பேகம் அம்மையார் மருத்துவச்சிகளை இழித்துரைத்து ஒதுக்கிவிடவில்லை. வழிவழியாக அத்தொழில் செய்துவந்த பெண்களையே மருத்துவமனைக்கு அழைத்துப் பயிற்சி அளித்தார். பரம்பரை அறிவை அழிக்காமல் அதன்மேல் புது அறிவை ஏற்றும் இம்முறை, யூனானியையும் ஆங்கில மருத்துவத்தையும் ஒருசேர ஆதரித்த அவர்தம் கொள்கையோடு பொருந்துவது. நம் அண்டை மாவட்டமான வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் செவிலியர் பள்ளி தொடங்கியது 1909இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். அதே ஆண்டுகளில் போபாலில் ஒரு முஸ்லிம் அரசி அதே கவலையில் உழைத்தார் என்பதை இணைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மை குத்துதல் என்றால் அந்நாளில் மக்களுக்குப் பேரச்சம். வெள்ளைக்காரன் ஏதோ சூது செய்கிறான் என்ற ஐயம் ஒருபுறம், விதியில் தலையிடுவது பாவம் என்ற எண்ணம் ஒருபுறம். அரசாணையைக் காட்டி அச்சுறுத்துவதைக் காட்டிலும் பெண்களின் மனத்தை மாற்றுவதே வழி என்று பேகம் கண்டார். வீட்டின் சாவி ஆணிடம் இருக்கலாம். குழந்தையின் உடல் தாயின் கையில் அல்லவா இருக்கிறது? 1909இல் அவர் தொடங்கிய மகளிர் மன்றம் இதற்கெனவே வாய்த்தது. கோஷாப் பெண்கள் வீட்டைவிட்டு வந்து கூடுவதே அரிதான அக்காலத்தில், அதிகாரிகள், பிரபுக்கள் இல்லத்துப் பெண்கள் அங்கு வந்து உடல்நலம், வீட்டுத் தூய்மை, குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பேணல் ஆகியன பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டனர். பேகமே எழுந்து உரையாற்றுவார். நலமான குழந்தைகளைத் தேர்ந்து பரிசளிக்கும் விழாக்களும் நடந்தன.

அவ்வுரைகளின் அடித்தளம் மார்க்கமே. தூய்மையை இறைநம்பிக்கையின் பாதியாக வைத்த மார்க்கம் நம்முடையது என்பதையே அவர் தம் வாதத்துக்குத் துணையாகக் கொண்டார். ஐரோப்பியர் செய்கிறார்கள், நாமும் செய்வோம் என்று சொல்லியிருந்தால் அன்றைய போபாலில் ஒரு வீட்டு வாயிலும் திறந்திராது. நாம் மறந்த நம் வழக்கத்துக்கே திரும்புவோம் என்றதால் திறந்தது. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதும், தேங்கிய நீரிலும், மக்கள் நடக்கும் வழியிலும், அமரும் நிழலிலும் அசுத்தம் செய்யலாகாது என்பதும் ஹதீஸ் நூல்கள் தரும் செய்திகள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அஃதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு நீரில், உளூச் செய்ததாக அறிகிறோம். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் நீரை வீணாக்கலாகாது என்று தோழர் ஒருவரை அவர்கள் கண்டித்ததாகவும் ஒரு செய்தி உண்டு. எம் பாட்டியார் இவற்றையெல்லாம் படித்தவர் அல்லர். ஆயினும் ஒரு செம்பு நீரில் உளூவை முடிப்பார். அந்நீர் விழும் இடத்தில் ஒரு முருங்கை மரம் நின்றது. இன்று பள்ளிவாசல் ஹவுளுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குழாய்களை வைத்துக்கொண்டு, தலையைத் தடவும்போதும் காலைக் கழுவும்போதும் குழாயை மூடாமல் விட்டுவிடும் நாம், எத்தனை முருங்கை மரங்களுக்குரிய நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம் என்று கணக்கிட்டதுண்டா?

சொற்பொழிவோடு அவர் நின்றாரில்லை. 1907இல் மஜ்லிஸே இந்திஜாமியா என்ற பெயரில் போபாலின் முதல் நகராட்சி மன்றம் அமைந்தது. துப்புரவு, தெருவிளக்கு, குப்பை அகற்றல் என்பன அதன் பணிகள். குத்ஸியா விட்டுச் சென்ற குடிநீர் ஏற்பாட்டையும் பேகம் சீர்படுத்தினார். நூல்கள் பலவும் எழுதினார். தந்துருஸ்தி உடல்நலம் பற்றியது. பச்சோங்கீ பர்வரிஷ் குழந்தை வளர்ப்பு. ஹிதாயத்தே தீமார்தாரி நோயாளியைப் பேணும் முறை. நாடாளும் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு வீட்டில் ஆற்ற வேண்டிய பணிவிடையை உட்கார்ந்து எழுதுகிறார் என்றால், அவர் எழுதும்போது எந்தக் குழந்தைகளை நினைத்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்து ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. அதே காலத்தில் வங்கத்து ரொக்கையா சகாவத் உசேன் அம்மையார் சுல்தானாவின் கனவு என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். பெண்கள் ஆளும் அக்கற்பனை நாட்டில் பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்தே நீரை எடுத்துக் கொள்கிறது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமிக்கிறது. புகையும் அழுக்கும் அங்கு இல்லை. 1905இல் அக்கதையை வெளியிட்டது நம் சென்னையில் கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய பெண்கள் இதழாகும். வங்கத்து முஸ்லிம் பெண் கனவு காண்கிறார், சென்னையில் அது அச்சேறுகிறது, போபாலில் ஒரு சுல்தானா உண்மையாகவே ஆண்டுகொண்டிருக்கிறார். மூவரும் சந்தித்துக் கொள்ளவில்லை எனினும், காலம் அவர்களை ஓரிழையில் கோத்திருக்கிறது.

1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக இலண்டன் சென்றபோது பேகம் புர்காவுடனேயே சென்றார். திரும்பும் வழியில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் உதுமானியச் சுல்தானைக் கண்டார். அலிகாரில் ஷேக் அப்துல்லாவும் அவர்தம் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் தொடங்கிய பெண்கள் பள்ளிக்குத் தொடக்க முதல் கைகொடுத்தார். 1914இல் அங்குக் கூடிய அகில இந்திய முஸ்லிம் மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அல்லாமா ஷிப்லி நுஃமானி சீறத்துந் நபி என்னும் பெருநூலை எழுதப் பொருளுதவி புரிந்ததும் இவரே. 1920இல் அலிகார்க் கல்லூரி பல்கலைக்கழகமானபோது முதல் வேந்தர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தர் 2024இல்தான் வாய்த்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும்.

1924ஆம் ஆண்டு அவருக்கு மற்றோர் இடியாக வந்தது. உபைதுல்லா கான், நஸ்ருல்லா கான் என்ற மூத்த புதல்வர் இருவரும் அவ்வொரே ஆண்டில் இறந்தனர். எஞ்சியவர் இளையவர் ஹமீதுல்லா கான் ஒருவரே. அவருடைய வாரிசுரிமைக்காக வயது முதிர்ந்த நிலையிலும் இலண்டன் வரை சென்று வாதாடி வென்று, 1926இல் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்து விலகினார். 1928இல் தில்லியில் நடந்த அகில இந்திய மகளிர் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். பர்தாவை வலியுறுத்தித் தனி நூலே எழுதியவர், இறுதிக் காலத்தில் அதனைத் தாமே தளர்த்திக் கொண்டார். இம்மாற்றத்தைப் போற்றுவாரும் உண்டு, வருந்துவாரும் உண்டு. 1930 மே 12ஆம் நாள் அவர் இறையடி சேர்ந்தார்.

குறைகளே இல்லாதவர் போல் அவரைக் காட்டுவது நம் நோக்கமன்று. ஆங்கில அரசிடம் அவர் கொண்டிருந்த விசுவாசம் விடுதலைப் போர் மூண்ட காலத்தில் பலரை வருத்தியது. மகளிர் மன்றத்தின் கதவு உயர்குடிப் பெண்களுக்கே முதலில் திறந்தது. இன்னொன்றும் உண்டு. இவ்வரலாற்றை நாம் வகுப்பில் சொன்னபோது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, அந்நகரின் அழுக்கைச் சுமந்தவர்கள் யார் ஐயா, அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் மன்றத்தில் இடமிருந்ததா என்று கேட்டாள். நம்மிடம் விடையில்லை. அன்றைய இந்திய நகரங்கள் அனைத்திலும் மலக்கூடைகளைத் தலையில் சுமந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அக்கொடுமையைத் தடைசெய்யும் சட்டம் 1993இலும், மேலும் கடுமையான சட்டம் 2013இலும்தான் வந்தன. தூய்மை பேசிய அரசர்களும் அறிஞர்களும் சுமந்தவரின் தலையை நிமிர்ந்து பார்க்கவில்லை என்ற குறையிலிருந்து பேகத்தையும் விலக்கிவிட இயலாது.

அவர் மறைந்து 54 ஆண்டுகள் கழித்து, 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், அதே போபாலில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. வாயு காற்றோடு போயிற்று. ஆலை வளாகத்தில் விட்டுச் சென்ற நச்சுக் கழிவோ மண்ணில் இறங்கிச் சுற்றுப்புறக் குடியிருப்புகளின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஒரு பேகம் விலையின்றி நீர் வழங்கிய நகரில் அடிகுழாயை நம்பி நீர் குடிக்க முடியவில்லை. அதனை எதிர்த்து எழுந்தோரில் முன்னின்றவர்கள் பெண்கள். ரஷீதா பீ என்ற எளிய குடும்பத்து முஸ்லிம் பெண்ணும் சம்பா தேவி சுக்லா என்ற இந்துப் பெண்ணும் தோளோடு தோள் நின்றனர். எழுதுபொருள் ஆலையில் உடனுழைத்த பெண்களைச் சங்கமாகத் திரட்டினர். 1989இல் நூறு பெண்களோடு தில்லிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சென்றனர். 2002இல் தில்லியில் 19 நாள் உண்ணாநோன்பு இருந்தனர். 2004இல் அப்பகுதி மக்களுக்கு நல்ல குடிநீர் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டே இருவருக்கும் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. பரிசுத் தொகையைத் தமக்கென வைத்துக் கொள்ளாமல், நச்சினால் ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளுக்காகச் சிங்காரி என்ற அறக்கட்டளையை நிறுவினர். ஆலையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த 337 டன் கழிவு பீதாம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது 2025 ஜனவரியில்தான். எரித்து முடிக்கப்பட்டது அவ்வாண்டு ஜூனில். மண்ணுக்குள் இறங்கியது இன்னும் அங்கேயே இருக்கிறது. அரியணையில் இருந்தவர் தந்தது ஒன்று, நடுத்தெருவில் நின்றவர்கள் போராடிப் பெற்றது ஒன்று. இரண்டனுள் எது பெரிது என்று நம்மைக் கேட்டால், பின்னதே என்போம்.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவுற்று 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. கோடையில் சில ஊர்களுக்கு நாள் விட்டு நாள்தான் நீர் வருகிறது என்றும், அன்று பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே குடத்துடன் செல்ல வேண்டியிருக்கிறது என்றும் அங்கிருந்து வரும் மாணவியர் கூறுகின்றனர். சென்ற ஆண்டு அத்தகைய மாணவி ஒருத்தியின் நிக்காஹ்வுக்குச் சென்றிருந்தோம். நெகிழித் தம்ளரும் நெகிழி விரிப்பும் 2019 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை எனினும், திருமண வீடுகளில் அவை இன்னும் தலைகாட்டவே செய்கின்றன. அவ்வீட்டில் இல்லை. தெருப் பெண்கள் வீட்டுக்கு வீடு எவர்சில்வர் தம்ளர்களைத் திரட்டி, யாருடையது எது என்று அடியில் நூல் கட்டி அடையாளமிட்டு வைத்திருந்தனர். பந்தியில் நமக்கு நீர் கொண்டுவந்து வைத்தவள் மணப்பெண்ணின் தங்கை, பதினோரு வயதுச் சிறுமி. ஒகேனக்கல் நீரைக் குடித்து வளர்ந்தவள். தம்ளரைத் திருப்பி நூலைக் காட்டி, இது எங்கள் வீட்டுடையது, பத்திரம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயை மறைக்கவில்லை.